எந்தக் காலனி?

எனக்கு முப்பத்தாறு வயது. ஓய்வு பெற்றுவிட்டேன். பஸ்ஸில் இதைச் சொன்னால் பக்கத்து சீட்டுக்காரர்கள் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, உடம்புக்கு ஏதாவதா என்று மெதுவாகக் கேட்கிறார்கள். நோய் எனக்கு இல்லை, கம்பெனிக்கு. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிற எங்கள் தொழிற்சாலை விருப்ப ஓய்வுத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. விருப்பம் அவர்களுடையது, ஓய்வு எங்களுடையது.

நான் இருந்தது பெர்சனல் பிரிவில். வேலைக்கு ஆள் எடுப்பது, எடுத்த ஆளுக்கு அட்டை கொடுப்பது, அட்டை கொடுத்த ஆள் நேரத்துக்கு வருகிறானா என்று பார்ப்பது. இப்போது கான்ட்ராக்டர் வேனில் ஆட்களைக் கொண்டுவந்து கேட்டில் இறக்குகிறார். தலையை எண்ணி உள்ளே விடுகிறார்கள். தலைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. என் கடைசி நாளில், பிரிவில் மிச்சமிருந்த இரண்டு சின்னப் பெண்கள் கேட்டார்கள்: "மேடம், இத்தனை இன்டர்வியூ பாத்திருக்கீங்களே, எது ரொம்பக் கஷ்டம்?" போலிச் சான்றிதழ் கொண்டுவந்த வெல்டர் கதையை எதிர்பார்த்தார்கள். என் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க ஆள் வைத்த இன்டர்வியூதான் என்றேன். சிரித்தார்கள். எதற்குச் சிரிக்க வேண்டும் என்று தெரிந்து சிரிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் எல்லோரும் கதிர் அரிவாள் பிடித்தார்கள்; என் அப்பா அதை விட்டுவிட்டு ஆவடியில் ஒரு ராணுவ டிப்போவில் மூட்டை தூக்கினார். நான் பி.காம். முடித்தேன், டைப்பும் சுருக்கெழுத்தும் படித்தேன், இரண்டிலும் முதல் வகுப்பு. அந்தச் சான்றிதழ்களை அப்பா கண்ணாடி போட்டு மாட்டினார். பக்கத்தில் சாமி படம் சின்னதாகத் தெரியும்.

எங்கள் மேனேஜர் ராமநாதன் சார் எம்.ஏ. படித்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "நம்ம கம்பெனியில ஜாதி கேக்கற வழக்கமே கிடையாதும்மா" என்று அடிக்கடி பெருமையாகச் சொல்வார். உண்மைதான், கேட்க மாட்டார். கண்ணாடியைக் கழற்றி, டையின் நுனியால் துடைத்துக்கொண்டே, "சொந்த ஊர் எது தம்பி?" என்பார். பிறகு "ஊர்ல வீடு எந்தப் பக்கம்?" பிறகு "குலதெய்வம்?" கடைசியாக, "ஊர்த் திருவிழாவுல உங்க வீட்டுக்கு என்ன முறை?" இதற்குள் கண்ணாடியும் பளிச்சென்று ஆகிவிடும், பையனும் தெளிவாகத் தெரிந்துவிடுவான். நேரம் மிச்சமிருந்தால் லேத் ஓட்டத் தெரியுமா என்றும் கேட்பார்.

அதன்பின் என் பக்கம் திரும்பிச் சொல்வது இரண்டே வாக்கியம். ஒன்று, "தம்பிக்கு டீ சொல்லும்மா." மற்றது, "தம்பி அட்ரஸ் வாங்கி வெச்சுக்கம்மா." டீ குடித்தவன் அடுத்த வாரம் வேலைக்கு வருவான். அட்ரஸ் கொடுத்தவன் வீட்டுக்கு ஒரு தபால் கார்டுகூடப் போனதில்லை.

எனக்கு டீ வந்தது. எப்படி என்று சொல்ல வேண்டும். என்னிடம் சொந்த ஊர் கேட்டார். "ஆவடி பக்கம் சார்" என்றேன். அப்பா? "டிப்போல இருக்கார் சார்." வீடு? "காலனி சார்."

"நினைச்சேன்" என்றார். "டிப்போ காலனி. அந்த டிசிப்ளின் முகத்துலயே தெரியுது. டீ சொல்லுங்கப்பா."

இங்கே ஒரு விளக்கம். பட்டணத்தில் காலனி என்றால் வாசலில் வளைவு, உள்ளே பூங்கா, செயலாளர் பொருளாளருடன் ஒரு சங்கம். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஊர் என்றால் ஊர், காலனி என்றால் காலனி. நடுவில் ஒரு ஏரியோ வயலோ இருக்கும், அதைத் தாண்டி எங்களை வைத்திருப்பார்கள். நான் வளர்ந்தது இந்தக் காலனியில். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவர் காதில் வளைவும் பூங்காவும் விழுந்ததற்கு நான் பொறுப்பில்லை. "எந்தக் காலனி?" என்று இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எம்.ஏ.வில் அந்தக் கேள்வி இல்லை போலிருக்கிறது.

கல்யாணமாகி, மண்ணூர்பேட்டைப் பக்கம் வளைவு வைத்த ஒரு காலனியில் கீழ்ப் போர்ஷன் வாடகைக்கு எடுத்தோம். மாடியில் வீட்டுக்காரம்மா கமலாட்சியம்மா. "நீங்க எந்தப் பக்கம்?" என்று அவரும் கேட்டார். "அப்பா ஆவடி டிப்போல. காலனியிலதான் வளர்ந்தேன்" என்றேன். சாவி கைக்கு வந்தது. ஒரே டிக்கெட்டில் இரண்டு பஸ் ஏறினேன்.

பிறகு எனக்குப் பதவி உயர்வு வந்தது. சீனியர் அசிஸ்டென்ட். காலைச் சங்கு ஊதுவதற்கு முன் நான் கேட்டில் நிற்க வேண்டும். முதல் வாரமே தாமதம். ராமநாதன் சார் கண்ணாடியைத் துடைத்தபடி, "வீட்டு வேலை அதிகம்னா பழைய சீட்டுக்கே போயிடலாம்மா, தப்பில்ல" என்றார். எனக்கு எங்கேயோ சுட்டது. பழைய சீட்டில் என் பேருக்கு முன்னால் 'சீனியர்' கிடையாது.

என் கணவர் குமார் பக்கத்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர், யூனியனில் இணைச் செயலாளர். வீட்டு வேலைக்கு ஆள் வைக்கலாம் என்றதும் எழுந்து நின்றுவிட்டார். வீட்டில் உட்கார்ந்து அவருக்குக் கொள்கை பேச வராது.

"உழைக்கிற வர்க்கமே இன்னொரு உழைக்கிறவளச் சுரண்டறதா வசந்தா?"

"அப்ப அந்த அடிப்பிடிச்ச பால் சட்டிய நீங்க சுரண்டுங்க."

சட்டியைப் பார்த்தார். உட்கார்ந்தார். "சரி, நல்லவிதமா நடத்தறதா இருந்தா வெக்கலாம்" என்றார்.

மாடியில் வேலை செய்கிற பட்டம்மாவை அனுப்புவதாகக் கமலாட்சியம்மா சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை இன்டர்வியூ. ராமநாதன் சார் கேட்கிற எதையும் என் வீட்டில் கேட்பதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டேன். ஊர் கேட்க மாட்டேன், பக்கம் கேட்க மாட்டேன். ஆளை ஆளாகப் பார்த்து எடுப்பது எப்படி என்று எனக்கு நானே செய்து காட்டப் போகிறேன். ஒரு நாற்காலியையும் துடைத்துப் போட்டு வைத்தேன்.

பட்டம்மா அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். நாற்காலியைப் பார்த்தார், அதைச் சுவரோரமாக நகர்த்திவிட்டு நிலைப்படியில் சாய்ந்துகொண்டார்.

"மேல்வூட்டம்மா சொல்லிச்சு. ரெண்டே பேர்தானா?"

"ரெண்டு பேர்தான்க்கா. உட்காருங்க."

"நிக்கறேன். பவுடரா, சாம்பலா?"

"பவுடர்."

"மீனு உண்டா?"

"உண்டு."

"மீன் சட்டில நீயே தண்ணி ஊத்தி வெச்சிரு. காஞ்சிப்போச்சின்னா எனுக்கு ஆவாது. எப்ப வரணும்?"

"சங்கு ஊதறதுக்கு முன்னாடி நான் கேட்டுல நிக்கணும்."

"அப்ப உன் ஊட்ட முடிச்சிட்டு மேல போறேன். அந்தம்மா எய்ந்துக்க நேரமாவும்."

அவ்வளவுதான், முடிந்தது. ராமநாதன் சார் ஒரு கண்ணாடி துடைக்கிற நேரம்கூட ஆகவில்லை. எனக்கு என்மீதே மதிப்பு வந்தது. டீ போட்டேன். கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தம்ளர்கள் இரண்டில் ஊற்றி, ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் எடுக்கவில்லை. "இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

தம்ளரைத் தொடாமல், தலையைச் சாய்த்து அதில் வெட்டியிருந்த பெயரைப் பார்த்தார். "இது உன் தம்ளரு. எனுக்குன்னு ஒண்ணு எங்க?"

"எல்லாம் ஒண்ணுதான்க்கா."

"அதெப்டி ஒண்ணாவும்? மேல எனுக்கு மாடத்துல ஒண்ணு கீது, ஒடுக்கு வுயுந்தது. டாக்டரூட்ல பிளாஸ்டிக்கு. கோடியூட்ல கண்ணாடி கிளாஸு. எல்லா ஊட்லயும் எனுக்குன்னு தனியா வெச்சிருக்காங்க." நிலபுலன் விவரம் சொல்வதுபோலச் சொன்னார். "நீ ஏன் வெக்கல?"

"நான் அப்படி வெக்க மாட்டேன்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். கண்ணாடி துடைப்பதற்குப் பதில் அது போலிருக்கிறது.

"உனுக்கு எந்த ஊரும்மா?"

"ஆவடி பக்கம்."

"ஆவடின்னா?"

"முத்தாபுதுப்பேட்டைக்கு அந்தாண்ட."

"ஊருலயா?"

"காலனி."

"எந்தக் காலனி?"

வேலையிலும் வீட்டிலும் இத்தனை வருஷம் யாரும் கேட்காத கேள்வி, வேலை கேட்டு வந்தவர் வாயிலிருந்து வந்தது. டிப்போ காலனி என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். ஆனால் நான் இதுவரை பொய் சொன்னதில்லை என்கிற கர்வத்தில் வளர்ந்தவள். அதை இன்றைக்கு ஒரு தம்ளருக்காக விட மனசில்லை.

"எங்க ஊர்க் காலனி. ஏரிக்கு அந்தப் பக்கம்."

பட்டம்மா அக்கா கோபப்படவில்லை. புதிர் விடுபட்ட திருப்திதான் முகத்தில் தெரிந்தது. "அதான பாத்தேன். வந்ததும் நாக்காலி போட்ற, அக்கான்ற, நீங்கன்ற. ஆபீசர் ஊட்டுப் பொண்ணுன்னா எனுக்கு நாக்காலி போடுமா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் ஊரு. திருமயிசை பக்கம். இப்ப காவா ஓரத்துல குடிசை போட்டுக்கினு கீறேன், ஆனாலும் ஊரு ஊருதான? உன் ஊட்ல வேலை செய்றேன்னு தெரிஞ்சா இந்தக் காலனில ஒரு ஊட்லயும் என்னிய உள்ள வுட மாட்டாங்கோ. உன்னிய சாமானத்தோட ரோட்ல வெப்பா மேல்வூட்டம்மா."

"சொல்லப் போறீங்களா?"

"சொல்லி எனுக்கு இன்னா லாபம்? நீ ஒண்ணு பண்ணு. ஒரு தம்ளரு வாங்கி எனுக்குன்னு மாடத்துல வெச்சிரு. பாக்கறவங்க உன்னியப் பெரிய எடம்னு நெனச்சிக்குவாங்க. எனுக்கும் மரியாதி."

உள்ளே அறையில் கேட்டுக்கொண்டிருந்த குமார், பட்டம்மா அக்கா வாசல் பக்கம் நகர்ந்ததும் ஓடிவந்தார். முகமெல்லாம் பூரிப்பு. "வசந்தா, யோசிச்சுப் பாரு. நம்ம ஊட்டுல அவங்களுக்குத் தனித் தம்ளரு. இது சரித்திரம்."

"சரித்திரத்த நாளைலருந்து நீங்க தேய்ங்க" என்றேன்.

பட்டம்மா அக்காவைப் படியில் நிறுத்திச் சொன்னேன்: "தம்ளர் வாங்க மாட்டேன்க்கா. வர்றதும் வராததும் உங்க இஷ்டம்." அவர் படியிறங்கிப் போனார். அவர் வராவிட்டால் பதவி போகும். வாய் திறந்தால் வீடு போகும். இரண்டையும் அவர் முந்தானையில் முடிந்து அனுப்பிவிட்டு, ஆறிப்போன டீ இரண்டையும் நானே குடித்தேன்.

மறுநாள் இருட்டு பிரிவதற்குள் கதவு தட்டப்பட்டது. அவர் தன் வீட்டிலிருந்தே ஒரு தம்ளர் கொண்டுவந்திருந்தார். பின்பக்க மாடத்தில் அதைக் கவிழ்த்து வைத்தார். "உனுக்கு மனசு வர்ல. எனுக்கு வரும்" என்றார்.

அன்றிலிருந்து நான் சங்குக்கு முன் கேட்டில் நின்றேன். பட்டம்மா அக்கா எங்கள் எச்சில் தட்டைத் தொடுவார். நாங்கள் குடிக்கிற தம்ளரில் குடிக்க மாட்டார். இந்தச் சட்டத்தை யார் எழுதியது என்று தெரியவில்லை, அவருக்கு மனப்பாடம். டீ கொடுக்கும்போது, "தூக்கி ஊத்து" என்பார். என் பாத்திரம் அவர் தம்ளரில் பட்டுவிடக் கூடாது. எங்கள் ஊர்க் களத்தில் என் அம்மாவுக்கு இப்படித்தான் மோர் ஊற்றினார்கள், அங்கே ஊற்றியவர்கள் ஊர்க்காரர்கள், தங்கள் சுத்தத்துக்காக. இங்கே அவருடைய சுத்தத்துக்காக நான் தூக்கி ஊற்றுகிறேன். மாடிப் பின்கட்டிலிருந்து பார்த்த கமலாட்சியம்மாவுக்கு அது என்னுடைய சுத்தமாகத் தெரிந்தது.

"முறை தெரிஞ்ச பொண்ணு வசந்தா" என்றார் ஒருநாள். "இப்பல்லாம் வேலைக்காரிங்கள நடுவூட்டுல உக்கார வெக்கறாங்க. நீ பாரு, தனித் தம்ளர், தூக்கி ஊத்தற. வளர்ப்புன்னா இது."

அலுவலகத்திலும் எனக்கு ஒரு பலன் இருந்தது. சரியான கேள்வி எது என்று எனக்கு இப்போது தெரியும். ராமநாதன் சாருக்குத் தெரியாது. கேட்டில் காத்திருக்கும் பையன்களில் எங்கள் பக்கத்து முகங்கள் வந்தால், அட்டையைச் சரிபார்க்கிற சாக்கில் சொல்லி வைப்பேன்: "வீடு எங்கன்னு கேட்டா காலனின்னு சொல்லு. அதோட நிறுத்து. நீயா எதுவும் சேக்காத." டீ அதிகமாக ஓடியது. "இப்பல்லாம் காலனிப் பசங்க நல்லா வராங்கம்மா, ஒரு டிசிப்ளின் இருக்கு" என்று சார் வியந்துபோனார். நான் சுருக்கெழுத்தில் மும்முரமாக இருந்தேன்.

ஆனால் கமலாட்சியம்மாவின் பாராட்டுதான் எனக்குச் செரிக்கவில்லை. வைய வைய ஒருவருக்குப் பழகிவிடும். தப்பான காரணத்துக்குப் பாராட்டினால் பழகாது. பண்டிகைக்கு முந்தின நாள், மாடிப் பாத்திரங்களும் கீழ்ப் பாத்திரங்களும் பின்பக்கக் கல்லில் குவிந்திருந்தன. பட்டம்மா அக்கா மாடியின் பூஜை விளக்கைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். கமலாட்சியம்மா படியில் நின்று மறுபடியும் வளர்ப்பு, முறை என்று ஆரம்பித்தார்.

"அம்மா, அந்தத் தம்ளர் நான் வெச்சதில்ல. அவங்களே கொண்டுவந்தது. நான் காலனி" என்றேன்.

"நாம எல்லாருமே காலனிதானேம்மா" என்றார் கமலாட்சியம்மா. "நான் சங்கத்துல பொருளாளர் வேற."

பட்டம்மா அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "யம்மா, உனுக்கு மறைக்கவும் தெர்ல, சொல்லவும் தெர்ல."

"என்ன மறைக்கறா?"

சொன்னேன். ஊர் பெயர், ஏரி, ஏரிக்கு எந்தப் பக்கம், அப்பா டிப்போவில் தூக்குவது என்ன என்பது வரை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். கமலாட்சியம்மா என்னைப் பார்த்தார். மாடத்துத் தம்ளரைப் பார்த்தார். பிறகு பட்டம்மா அக்காவின் கையையும் அதிலிருந்த குத்துவிளக்கையும் பார்த்தார்.

"அடுத்த மாசத்துக்குள்ள நீங்க வேற எடம்..." என்று தொடங்கினார்.

பட்டம்மா அக்கா விளக்கைக் கீழே வைக்காமலே பேசினார். "தாராளமா காலி பண்ணச் சொல்லு. ஏன்னு நாலு பேரு கேப்பாங்கோ, அப்ப முழுசா சொல்லிரு. தெனம் காலைல இந்த ஊட்டுப் பாத்திரத்த தேச்சிட்டு, அதே கையோட மேல வந்து உன் சோத்துப் பானைய தேச்சேன். இந்த வெளக்கும் இந்தக் கைதான். பொருளாளரூட்டு வெளக்கு. அதயும் சேத்து சொல்லிரு."

இது என்மேல் உள்ள பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். காலனி முழுக்கப் பரவியிருந்த அவருடைய தம்ளர்களைக் காப்பாற்ற வேறு வழியில்லை, அதனால் பேசினார். ஆனால் ஒரு யூனியன் இணைச் செயலாளர் வாழ்நாளெல்லாம் தேடிய வாதம் அது. குமார் அன்று ஊர்வலத்துக்குப் போயிருந்தார்.

கமலாட்சியம்மா மாடி ஏறிப் போனார். அன்று முழுவதும் மேலே பாத்திரங்கள் உருண்டன; அவரே எல்லாவற்றையும் மறுபடி கழுவுகிறார் என்று தெரிந்தது. மறுநாள் கீழே வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "வசந்தா, நீங்க எங்கயும் போக வேணாம். ஆனா யார்கிட்டயும் வாயைத் திறக்காதே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

அதன் பிறகு அந்தக் காலனியில் என் சொந்த ஊரை நான் சொன்னதே இல்லை. சொல்ல விட்டால்தானே. யாராவது என்னைப் பார்த்து "நீங்க எந்தப் பக்கம்?" என்றால், கமலாட்சியம்மா எங்கிருந்தாலும் வந்துவிடுவார். "அவங்கப்பா டிப்போல பெரிய ஆபீசர்" என்பார். என் அப்பாவுக்கு நான் வாங்கிக் கொடுக்காத பதவி உயர்வுகளை எல்லாம் அவர் கொடுத்தார். ஒருமுறை அவருடைய நாத்தனார், "கீழ இருக்கறவங்க நம்மவங்களா?" என்று மாடியிலிருந்து கேட்டது எனக்கே கேட்டது. "நம்மவங்கதான்" என்றார் கமலாட்சியம்மா, மூச்சு விடாமல். எந்த மேடைப் பேச்சும் அவர் வாயிலிருந்து இந்தச் சொல்லை வரவழைத்திருக்காது. பயம் வரவழைத்தது.

எனக்கு அது பெருமையாக இல்லை. ஆனால் நான் பேசினால் பட்டம்மா அக்காவின் வீடுகள் போய்விடும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஆபீசர் மகளாக இருந்தேன். அவரும் கடைசி வரை என்னைத் தூக்கி ஊற்ற வைத்தார். அதில் ஒரு சொட்டுக்கூடச் சலுகை இல்லை.

பிறகு அவர் வீட்டு வேலைகளை விட்டுவிட்டு எஸ்டேட்டில் ஒரு கேன்டீனுக்குப் போனார். அங்கே நூற்றுக்கணக்கான தம்ளர்கள், எது யாருடையது என்று பிரம்மாவுக்கே தெரியாது. எப்படிக் குடிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "வேலைன்னு வந்துட்டா ஆரு பாக்கறா?" என்றார்.

அதற்கு அடுத்த வருஷம் நாங்கள் குமணன்சாவடிப் பக்கம் சொந்தமாக ஒரு வீடு கட்டினோம். சாமான் ஏற்றிய அன்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றார்கள். கமலாட்சியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதில் கொஞ்சம் பிரிவு இருந்தது. மிச்சம், இனி என் வாய்க்கு யார் காவல் என்கிற கவலை.

நான் லாரியில் ஏறியதும் கோடி வீட்டு அம்மா கேட்டார்: "சொந்த ஊர்ப் பக்கமே போறீங்களா? உங்களுக்கு எந்த ஊர், கேட்டதே இல்லையே?"

கமலாட்சியம்மா வாயைத் திறந்தார். இந்த முறை நான் முந்திக்கொண்டேன். லாரியின் முன் சீட்டில் உட்கார்ந்தபடி, ஊர் பெயரையும் ஏரிக்கு எந்தப் பக்கம் என்பதையும் சொன்னேன். அதற்குள் டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

"என்ன சொன்னீங்க, கேக்கல?" என்றார் கோடி வீட்டு அம்மா, காதில் கையை வைத்து.

வண்டியை நிறுத்தச் சொன்னேன். என்ஜினையும் அணைக்கச் சொன்னேன். இறங்கிப் போய், அவர் எதிரில் நின்று, இன்னொரு முறை சொன்னேன்.